குமிழியை உடைக்காமல் வேலை வாங்குவது: ஓடும் நீரில் மீயொலிச் சுத்தம்

காதுக்கு எட்டாத மீயொலியால் பொருள்களைச் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் தொட்டியில் ஓர் அலுமினியத் தாளைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் ஓட்டினால் தாள் சல்லடையாகிவிடும். தொட்டி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க இதையே சோதனையாகவும் செய்வார்கள். அழுக்கைப் பெயர்க்கிற சக்தியும் தாளை ஓட்டை போடுகிற சக்தியும் ஒன்றேதான். 40 கிலோஹெர்ட்ஸ் அலையில் அழுத்தம் தாழும்போது நீருக்குள் நுண்குமிழிகள் விரிகின்றன. அழுத்தம் ஏறும்போது நொறுங்குகின்றன. பரப்புக்கு அருகே நொறுங்கும் குமிழி எல்லாப் பக்கமும் சமமாகச் சுருங்காது. ஒரு பக்கம் உள்வாங்கி, பரப்பைப் பார்த்து ஊசிபோல ஒரு நீர்த்தாரையைப் பாய்ச்சும். கப்பல்களின் உந்துவிசிறியை அரித்ததும் இந்த நொறுங்கல்தான். 1917-ல் ரேலி பிரபு அதற்குக் கணக்கு எழுதினார்.

எஃகுக் கருவிகளுக்கு இது பரவாயில்லை. மெல்லிய தங்க முலாம், ஒளியியல் பூச்சு, மென்மையான பிளாஸ்டிக், எலும்பு போன்றவற்றுக்கு இது முரட்டு வைத்தியம். அங்கே உதவுவது வேறொரு வழி: குமிழியை நொறுக்காமல், அதன் சுவரை மட்டும் சிலிர்க்க வைப்பது. ஓடும் நீர்த்தாரை ஒன்று குமிழிகளையும் ஒலியையும் சேர்த்துப் பரப்புக்குக் கொண்டுபோகிறது. இந்த வழியை வளர்த்தெடுத்தவர்கள் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் டிமோதி லெய்ட்டன், பீட்டர் பர்க்கின் குழுவினர். 2011-ல் ராயல் சொசைட்டியின் பிரையன் மெர்சர் விருது இதற்குக் கிடைத்தது. எலும்பில் ஒட்டிய மென்திசு, பாக்டீரியாப் படலம், அறுவைக் கருவி எஃகில் ஒட்டிய மூளைத் திசுப் புரதம் ஆகியவற்றைக் குளிர்ந்த நீரால் மட்டுமே அகற்றிய முடிவுகளை 2015-ல் வெளியிட்டார்கள்.

பார்க்க எளிமையான அமைப்புதான்: ஒரு கூம்பு, அதன் அகன்ற முனையில் மின்சாரத்தை ஒலியாக மாற்றும் டிரான்ஸ்டியூசர், குறுகிய முனையில் நாசில், வழியில் குமிழி உண்டாக்க ஒரு மின்கம்பி. ஆனால் இதைச் செய்து பார்ப்பவர்களில் பலருக்குக் கடைசியில் கிடைப்பது வெறும் குழாய்த் தண்ணீர்தான். ஒலி பரப்பை எட்டவில்லை, அல்லது குமிழி எட்டவில்லை, அல்லது இரண்டும் வேறுவேறு நேரத்தில் வந்து சேர்கின்றன. கீழே வரும் அளவுகள் எல்லாமே அந்த இரண்டையும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் சந்திக்க வைப்பதற்காகத்தான்.

குமிழி எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்

ஒவ்வொரு குமிழிக்கும் தன் அளவுக்கேற்ற இயல்பு அதிர்வெண் உண்டு. 1933-ல் மின்னார்ட் என்ற விஞ்ஞானி இதைக் கணக்கிட்டார். சாதாரண வளியழுத்தத்தில், நீரில் உள்ள காற்றுக் குமிழியின் ஆரத்தை மீட்டரிலும் அதிர்வெண்ணை ஹெர்ட்ஸிலும் எடுத்துப் பெருக்கினால் ஏறக்குறைய 3.26 வரும். 1 மி.மீ. ஆரமுள்ள குமிழி 3.26 கிலோஹெர்ட்ஸில் ஒத்ததிரும், அதாவது அந்த ஒலிக்கு மிக அதிகமாகத் துடிக்கும். சவுத்தாம்ப்டன் கருவிகளில் பயன்பட்ட 135 கிலோஹெர்ட்ஸுக்குக் கணக்கிட்டால் ஆரம் 24 மைக்ரான். குறுக்களவு 50 மைக்ரானுக்குச் சற்றுக் குறைவு. வெறும் கண்ணுக்கு இவை தனித்தனியாகத் தெரியாது. நீரில் லேசான பால் மங்கலாகத் தெரியும். கண்ணுக்குக் குமிழி குமிழியாகத் தெரிந்தால் அவை இந்த வேலைக்கு மிகப் பெரியவை.

ஒலி வந்து மோதும்போது முதலில் குமிழி மொத்தமாக விரிந்து சுருங்கும். அந்தத் துடிப்பு ஒரு வரம்பைத் தாண்டியதும் அதன் சுவரில் சிற்றலைகள் கிளம்பும். அதிரும் தட்டின் மேலுள்ள நீரில் 1831-ல் ஃபாரடே விவரித்த அதே அலைகள்தான். இவை ஒலியின் பாதி அதிர்வெண்ணில், அதாவது 67.5 கிலோஹெர்ட்ஸில் ஓடும். அந்த அதிர்வெண்ணில் நீர்ப்பரப்பு அலையின் நீளம் சுமார் 46 மைக்ரான் என்பதால், 24 மைக்ரான் ஆரக் குமிழியின் சுற்றளவில் மூன்று அலைகளுக்குத்தான் இடம். சுவர் இப்படி நெளியும்போது அதை ஒட்டிய நீர் சில மைக்ரான் தூரத்துக்குள் பலமாகச் சுழன்று, பரப்பை வழித்துக்கொண்டு போகும். அழுக்கைப் பெயர்ப்பது இந்த வழிப்பு. குமிழி நொறுங்குவதற்கு ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கும் மேலான ஒலியழுத்த வீச்சு தேவை, அதிர்வெண் கூடக்கூட அதுவும் கூடும். ஒத்ததிரும் குமிழியின் சுவர் நெளிவதற்கு அதில் ஒரு பகுதியே போதும். முறையின் மென்மை முழுக்க இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

குழாய் நீர் எவ்வளவு வேகமாகப் பாய்ந்தாலும் பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கு ஏறக்குறைய அசையாமலே நிற்கும். கீறலுக்குள்ளும் துளைக்குள்ளும் இருக்கும் அழுக்கு அந்த அடுக்கின் மறைவில் பத்திரமாக இருக்கும். துடிக்கும் குமிழியோ சுவரை நோக்கி இழுக்கப்படும். இரண்டு குமிழிகள் ஒரே தாளத்தில் துடித்தால் ஒன்றையொன்று ஈர்க்கும், கெட்டியான சுவர் ஒவ்வொரு குமிழிக்கும் ஒரு நிழல் இணையைப் போல நடந்துகொள்கிறது. கீறலில் பல பக்கமும் சுவர் என்பதால் குமிழி தானே உள்ளே போய் உட்காரும். தூரிகை நுழைய முடியாத இடத்தில் இது அதிகமாக வேலை செய்வதற்குக் காரணம் அதுதான்.

தாரையின் தடிமன்: எல்லோரும் சறுக்கும் இடம்

காற்றில் விழும் நீர்த்தாரை ஒலிக்கு ஒரு குழாய். ஆனால் அதன் சுவர் மிக மென்மையானது; நீருக்கும் காற்றுக்கும் இடையே அழுத்த அலை நிற்காது. அப்படிப்பட்ட குழாயில், ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே ஒலி பயணிக்கவே பயணிக்காது. கணக்கு எளிது: 1133-ஐக் கிலோஹெர்ட்ஸால் வகுத்தால் தாரையின் குறைந்தபட்சக் குறுக்களவு மில்லிமீட்டரில் வரும். 135 கிலோஹெர்ட்ஸுக்கு 8.4 மி.மீ. இதைவிட மெலிந்த தாரையில் ஒலி போகப்போக மங்கும்.

40 கிலோஹெர்ட்ஸ் டிரான்ஸ்டியூசர் சுலபமாகக் கிடைக்கிறது என்று அதை வைத்துத் தொடங்குவது வீண் வேலை. அதற்கு 28 மி.மீ. தடிமனான தாரை வேண்டும். மெதுவாக ஓடவிட்டாலும் நிமிடத்துக்கு 15 லிட்டர் தண்ணீர் போய்விடும். மறுபக்கம் 500 கிலோஹெர்ட்ஸுக்குப் போனால் தாரை 2.3 மி.மீ. போதும், ஆனால் குமிழியின் ஆரம் 6.5 மைக்ரானாகச் சுருங்கிவிடும். அவ்வளவு சிறிய குமிழியைப் பரப்பு இழுவிசை இறுக்கிப் பிடிக்கும், சுவரை நெளிய வைக்க அதிக ஒலி வேண்டும், குமிழியும் சீக்கிரம் கரைந்துபோகும். நூற்றைத் தாண்டிய கிலோஹெர்ட்ஸ்கள் இந்த வேலைக்கு வாகாக அமைவது இதனால்தான்.

இனி புவியீர்ப்பின் குறும்பு. 10 மி.மீ. நாசிலில் நிமிடத்துக்கு 2 லிட்டர் விட்டால் நீரின் வேகம் செகண்டுக்கு 0.42 மீட்டர். கீழே விழ விழ வேகம் ஏறும், தாரை மெலியும். 1 செ.மீ. இறங்கியதும் குறுக்களவு 8.3 மி.மீ., அதாவது வரம்பைத் தொட்டுவிட்டது. 5 செ.மீ. இறங்கினால் 6.3 மி.மீ. நாசிலைக் கையில் பிடித்து வசதியான உயரத்தில் வைத்துக்கொள்பவருக்கு ஒன்றும் சுத்தமாகாததன் காரணம் இந்த 5 செ.மீ. தான். 2 லிட்டர் ஓட்டத்தில் பரப்பிலிருந்து 1 செ.மீ.க்குள் வையுங்கள். நிமிடத்துக்கு 4 லிட்டர் விட்டால் 3 செ.மீ. வரை தடிமன் 8.6 மி.மீ. நிற்கும், கொஞ்சம் தாராளமாக வேலை செய்யலாம். தண்ணீர்ச் செலவு இரண்டு மடங்கு என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாசிலின் உட்சுவருக்கும் இதே தர்க்கம் பொருந்தும். உலோக நாசிலுக்குள் ஒலியழுத்தம் விளிம்புவரை பரவியிருக்கும். வெளியே வந்ததும் விளிம்பில் அழுத்தம் பூஜ்யமாக வேண்டும். இந்தத் திடீர் மாற்றத்தில் ஒலியின் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். அதனால் கடைசிப் பகுதியை மூடிய அறைகள் கொண்ட ரப்பர் நுரையால் 3 மி.மீ. தடிமனுக்கு உட்புறம் போர்த்த வேண்டும். உள்ளளவு 10 மி.மீ. மீதம் இருக்கும்படி. திறந்த அறை நுரை, அதாவது பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் வகை, உதவாது. தண்ணீரை உறிஞ்சியதும் அது தண்ணீராகவே நடந்துகொள்ளும்.

கூம்பும் ஓட்டமும்

அகன்ற முனை 40 மி.மீ., நீளம் 60 மி.மீ. என்று தொடங்கலாம். டிரான்ஸ்டியூசர் 135 கிலோஹெர்ட்ஸுக்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும், அதை இயக்கும் மின்சுற்றான டிரைவரும் அதற்குப் பொருந்த வேண்டும். சூடு ஏறும்போது டிரான்ஸ்டியூசரின் ஒத்ததிர்வு நகரும். அதைத் தானாகப் பின்தொடரும் டிரைவராக இருந்தால் நிம்மதி. தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் டிரான்ஸ்டியூசருக்குள் இருக்கும் செராமிக் சூடேறி வலுவிழக்கும், ஒட்டிய பசையும் விட்டுப்போகும். ஓட்டம் நின்றால் மின்சாரம் தானே நிற்கும்படி ஒரு ஃப்ளோ ஸ்விட்ச் கட்டாயம். இதில் மிச்சம் பிடிக்க நினைக்க வேண்டாம்.

தண்ணீரை ஒரே பக்கத்திலிருந்து உள்ளே விட்டால் கூம்புக்குள் சுழல் உண்டாகி, வெளியே வரும் தாரை முறுக்கிய கயிறாக இருக்கும். எதிரெதிரே இரண்டு அல்லது சுற்றிலும் நான்கு நுழைவாய்கள் வையுங்கள். அதற்கு முன் மெல்லிய குழல்களைக் கட்டாக அடைத்த ஓர் அறை இருந்தால் ஓட்டம் நேராகும். தாரை கண்ணாடிக் கம்பிபோல் தெளிவாக விழ வேண்டும். மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்தால் ஒலி சிதறும்.

டிரான்ஸ்டியூசரின் முகத்தில் காற்று ஒட்டிக்கொள்வது இன்னொரு தொல்லை. குளிர்ந்த குழாய் நீர் அழுத்தம் குறைந்து வெதுவெதுப்பாகும்போது கரைந்திருந்த காற்று பிரிந்து முகத்தில் படியும். ஒரு மெல்லிய காற்றுப் படலமே ஒலியை முழுக்க அடைத்துவிடும். நீரை ஒரு தொட்டியில் சில மணி நேரம் நிற்கவிட்டு அறை வெப்பத்துக்கு வந்தபின் பயன்படுத்துவது நல்லது. தொடங்கும்போது ஒலியில்லாமல் அரை நிமிடம் ஓடவிட்டு, கூம்பைத் தலைகீழாகச் சாய்த்துக் காற்றை வெளியேற்றுங்கள். டிரான்ஸ்டியூசர் மேலே, நாசில் கீழே என்ற நிலையில் காற்று சேர்வதற்கு மிகப் பிடித்த இடம் அந்த முகமே என்பதால், அங்கே ஒரு சிறு காற்றுப்போக்கித் துளை வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

குமிழி உண்டாக்குதல்

மின்னாற்பகுப்புதான் எளிய வழி. நாசிலுக்குள், வாயிலிருந்து 5 மி.மீ. உள்ளே, மிக மெல்லிய பிளாட்டினக் கம்பியை எதிர்மின்வாயாகக் குறுக்கே இழுத்துக் கட்டுங்கள். கம்பி எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு சிறியதாகக் குமிழி பிரியும்; ஓட்டமும் அதை வளரவிடாமல் பிய்த்துக்கொண்டு போகும். நேர்மின்வாய்க்குப் பிளாட்டினம் பூசிய டைட்டானியம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை நேர்மின்வாயாக வைத்தால் அது கரையும். இரும்போடு குரோமியமும் நிக்கலும் நீரில் இறங்கும், சுத்தம் செய்ய வந்த பரப்பில் கறை படியும். குழாய் நீரில் உப்பு இருந்தால் நேர்மின்வாயில் சிறிதளவு குளோரினும் உண்டாகும். வெள்ளி, செம்பு பரப்புகளுக்கு அது ஆகாது. வடித்த நீரிலோ ஆர்.ஓ. நீரிலோ மின்சாரம் போதுமான அளவு பாயாது. லிட்டருக்கு அரை கிராம் சோடியம் சல்ஃபேட் கரைத்தால் குளோரைடு சேர்க்காமலே கடத்தும் திறன் வந்துவிடும்.

100 மில்லிஆம்பியரில் நிமிடத்துக்கு சுமார் 0.76 மில்லிலிட்டர் ஹைட்ரஜன்தான் வரும். ஆனால் அதெல்லாம் 24 மைக்ரான் ஆரக் குமிழிகளாகப் பிரிந்தால் செகண்டுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேல். அதனால் மின்னோட்டத்தைக் கூட்டுவதில் அவசரம் வேண்டாம். ஒத்ததிரும் குமிழிகள் ஒலியை விழுங்குவதில் மகா கெட்டிக்காரர்கள். தாரை முழுக்கக் குமிழி நிரம்பினால் ஒலி வழியிலேயே தீர்ந்துவிடும், பரப்புக்கு ஒன்றும் மிஞ்சாது. குமிழி கூடினால் சுத்தம் கூடும் என்பது இங்கே எடுபடாது.

இதற்குத்தான் ஒலியையும் குமிழியையும் மாறிமாறி விடுவது. மின்வாயிலிருந்து பரப்பு வரை 15 மி.மீ., சராசரி வேகம் செகண்டுக்கு அரை மீட்டர் என்றால் குமிழி போய்ச்சேர 30 மில்லிசெகண்ட் ஆகும். 30 மில்லிசெகண்ட் மின்னோட்டம், பிறகு வால்பகுதிக் குமிழிகள் போய்ச்சேர 30 மில்லிசெகண்ட் இடைவெளி, அதன்பின் 50 முதல் 100 மில்லிசெகண்ட் ஒலி. பாதை தெளிவாக இருக்கும்போது ஒலி தடையின்றிப் போய், பரப்பில் தங்கியிருக்கும் குமிழிகளை எழுப்பும். உங்கள் தூரமும் ஓட்டமும் வேறானால் தூரத்தை வேகத்தால் வகுத்து இந்த எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

பொருளை எப்படி வைப்பது

கெட்டியான பரப்பில் மோதித் திரும்பும் ஒலியின் அழுத்தம் பரப்பிலேயே உச்சமாக இருக்கும். ஒத்ததிர்வு அளவைவிடச் சற்றுச் சிறிய குமிழிகள் அழுத்த உச்சத்தை நோக்கி, அதாவது பரப்பை நோக்கி வரும். பெரியவை அதிலிருந்து விலகி ஓடும். இதுவரை நல்லது. ஆனால் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் பின்புறம் காற்று இருக்கும்படி பிடித்தால் நிலைமை தலைகீழ்: பரப்பில் அழுத்தம் ஏறக்குறைய பூஜ்யம், குமிழி அசையாது. மெல்லிய பொருள்களைத் தடித்த கண்ணாடி அல்லது உலோகப் பலகையில், இடையில் காற்று சிக்காமல் நீர் தடவி ஒட்டவையுங்கள். ஒரே பொருளில் ஒரு பகுதி சுத்தமாகி, அடுத்த பகுதி அப்படியே இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது பின்னால் சிக்கிய காற்றைத்தான்.

பலகையை 10 முதல் 20 டிகிரி சாய்த்து வையுங்கள். தட்டையாக வைத்தால் தண்ணீர் தேங்கும், தாரை குட்டையில் விழுந்து பெரிய காற்றுக் குமிழிகளை உள்ளே இழுக்கும். அவை 135 கிலோஹெர்ட்ஸில் எதற்கும் ஆகாதவை, ஒலியை மறைக்க மட்டுமே தெரிந்தவை. நாசிலையே தண்ணீருக்குள் அமிழ்த்துவதும் வேண்டாம். காற்றுச் சுவர் போனதும் ஒலி நாலாபக்கமும் பரவிவிடும்.

நகர்த்தும் வேகம் செகண்டுக்கு 2 மி.மீ. என்றால் தாரையின் நடுக்கோட்டில் ஒவ்வொரு புள்ளிக்கும் 5 செகண்ட் கிடைக்கும். அடுத்த வரிசையைப் பாதி தாரை அளவு, அதாவது 5 மி.மீ. தள்ளிப் போடுங்கள். தடித்த அழுக்கை முதலில் சாதாரண நீரால் அலசிவிட வேண்டும். மண் அப்பிய பொருளை இதன்கீழ் காட்டுவது நேரத்துக்குக் கேடு.

வேலை செய்கிறதா என்று பார்ப்பது

மங்கலாக்கிய கண்ணாடித் துண்டில் உதட்டுச்சாயத்தை மெல்லிதாகத் தேய்த்து மூன்று துண்டுகள் தயார் செய்யுங்கள். ஒன்றுக்குத் தாரை மட்டும், ஒன்றுக்குத் தாரையும் ஒலியும், ஒன்றுக்குத் தாரை, ஒலி, குமிழி மூன்றும். மூன்றுக்கும் அதே 10 செகண்ட், அதே தூரம். இந்த ஒப்பீடு இல்லாமல் எந்த முடிவையும் நம்பாதீர்கள். தண்ணீரே பாதி அழுக்கை எடுத்திருக்கும். ஒலி மட்டும் சேர்த்ததில் கொஞ்சம் முன்னேற்றம் தெரியலாம், நீரில் ஏற்கெனவே சில குமிழிகள் இருக்கும். மூன்றாவது துண்டு தெளிவாக முந்த வேண்டும். முந்தவில்லையென்றால் மின்னோட்டத்தைப் பாதியாக்கிப் பாருங்கள், பிறகு தூரத்தைக் குறையுங்கள். டிரைவரின் பவரைத் தொடுவது கடைசியில்.

மென்மையைச் சோதிக்க அலுமினியத் தாளைக் கண்ணாடியில் ஒட்டி 30 செகண்ட் காட்டி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். புள்ளியோ ஓட்டையோ இருந்தால் பவர் அதிகம், குமிழிகள் நொறுங்குகின்றன என்று பொருள். காதாலும் ஓரளவு பிடிக்கலாம்: 135 கிலோஹெர்ட்ஸ் கேட்காது, சுவர் நெளிவின் 67.5-ம் கேட்காது. தாரை படும் இடத்தில் ‘ஸ்ஸ்’ என்ற சீறல், மீயொலி ஓடும்போது மட்டும் வந்துபோனால் ஒலியின் வீச்சைக் குறையுங்கள்.

எதற்கு ஆகாது

உப்புப்படிவு, துரு, கருகிப்போன எண்ணெய், உலர்ந்த பசை, பெயின்ட் ஆகியவை இதற்கு மசியாது. அங்கே வேதியியல்தான் வேண்டும். உதிரும் நிலையிலுள்ள பழைய பூச்சுகளையும் இதன்கீழ் கொண்டுவராதீர்கள், அழுக்குக்கும் பூச்சுக்கும் வித்தியாசம் குமிழிக்குத் தெரியாது. குவார்ட்ஸ் படிகமோ நுண் அதிர்வு உணரிகளோ உள்ள மின்னணுப் பலகைகளையும் தவிர்க்கலாம். ஆல்கஹால் போன்ற எரியும் கரைப்பான்களை எக்காரணத்துக்கும் இந்த வழியில் ஓட்டக்கூடாது. மின்வாயும் ஹைட்ரஜனும் உள்ள இடம் இது.

கிருமி நீக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பாக்டீரியாவைப் பெயர்த்து எடுக்கும், கொல்லாது. அவை உயிரோடு வடிகாலில் போகும். தெறிக்கும் நீரையும் அப்படியே நடத்துங்கள். நீரைத் திரும்பச் சுற்றவிட்டால் எடுத்த அழுக்கு மறுபடி வந்து படியும், 1 மைக்ரான் ஃபில்டர் போட்டாலும் எண்ணெய் நீரிலேயே தங்கிவிடும். கூடுமானவரை ஒருமுறை ஓடிய நீரை வடித்துவிடுங்கள். எண்ணெய்ப் பசைக்காகச் சோப்பு சேர்ப்பதென்றால் லிட்டருக்குச் சில துளிகளுக்கு மேல் போகாதீர்கள். குமிழிகள் ஒன்றோடொன்று சேராமல் சிறியதாகவே இருக்க அது உதவும், கூடிப்போனால் நுரை வடிகாலை அடைக்கும்.

கடின நீரில் எதிர்மின்வாய்க் கம்பியைச் சுற்றிச் சுண்ணாம்பு படியும். கம்பி தடிக்கும், குமிழி பெரியதாகும், ஒரு நாள் சுத்தமாவது நின்றுபோகும்; வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். மின்னழுத்தம் வழக்கத்தைவிட ஏறத் தொடங்கியதும் கம்பியை 5 சதவீத சிட்ரிக் அமிலக் கரைசலில் பத்து நிமிடம் ஊறவைத்துக் கழுவுங்கள். சுரண்டினால் மெல்லிய கம்பி அறுந்துவிடும். நுரைப் போர்வையையும் அப்போதே அழுத்திப் பாருங்கள்: ஓரம் ஊறித் தொளதொளத்திருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.